பழைய பி450 போர்டில் ஆர்டிஎக்ஸ் 3060-உம் ஆர்டிஎக்ஸ் 4060-உம்: மாற்றி மாற்றிப் பொருத்தி அளந்த பதிவு

திருமண வீடியோக்களைத் தொகுக்க நான் வைத்திருக்கும் கணினியில் ரைசன் 5 3600 செயலி, பி450 மதர்போர்டு, 32 ஜிபி ரேம், 550 வாட் பவர் சப்ளை ஆகியவை இருக்கின்றன. அதிலிருந்த பழைய கிராபிக்ஸ் கார்டு 4கே காட்சிகளுக்குப் போதாமல் போன சமயத்தில், என்விடியா நிறுவனத்தின் இரண்டு கார்டுகளை ஒரே நேரத்தில் கையில் வைத்துச் சோதிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஒன்று, சென்னை ரிச்சி தெருவில் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட பொருளாக நான் வாங்கிய 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060. மற்றொன்று, தம்பி தன் கணினிக்காகப் புதிதாக வாங்கியிருந்த 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060. எது எந்தக் கணினியில் இருக்க வேண்டும் என்பதை எண்களைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல், இரண்டையும் என் கணினியிலேயே மாட்டிப் பார்த்துவிடலாம் என்று இருவரும் தீர்மானித்தோம்.

இந்த இரண்டு கார்டுகளையும் பற்றிய ஒப்பீடுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கிராபிக்ஸ் கார்டின் திறன் மட்டும் தனித்துத் தெரிய வேண்டும் என்பதற்காக, அந்தக் காலத்தின் மிக வேகமான செயலியையும் புதிய மதர்போர்டையும் வைத்து எடுக்கப்பட்டவை. அந்த முறையில் தவறில்லை. ஆயினும் இந்த விலையில் கார்டு வாங்குபவர் பலர் நான்கைந்து ஆண்டு பழைய போர்டில்தான் அதை மாட்டுகிறார்கள். அங்கே முடிவு சில இடங்களில் தலைகீழாக மாறுகிறது. அந்த இடங்களைப் பற்றித்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் விவரக்குறிப்பு. ஆர்டிஎக்ஸ் 3060, 2021 பிப்ரவரியில் 329 டாலர் அறிமுக விலையில் வெளிவந்தது. சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் உருவான ஜிஏ106 சிப், 3,584 கூடா கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 1,777 மெகாஹெர்ட்ஸ் பூஸ்ட் வேகம், 170 வாட் மின்தேவை ஆகியவை அதன் அடிப்படை அம்சங்கள். ஆர்டிஎக்ஸ் 4060, 2023 ஜூன் மாத இறுதியில் 299 டாலருக்கு வந்தது. டிஎஸ்எம்சியின் 4என் முறையில் உருவான அதன் ஏடி107 சிப்பில் 3,072 கோர்களே உள்ளன. ஆனால் அவை 2,460 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகின்றன, மின்தேவையும் 115 வாட்டோடு நின்றுவிடுகிறது. கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் புதிய கார்டு சிறியதாகத் தோன்றும். எண்ணிக்கையையும் வேகத்தையும் பெருக்கி, ஒரு கோர் ஒரு சுற்றில் இரண்டு கணக்குகளைச் செய்கிறது என்று கொண்டால், பழையதற்கு 12.7 டெராஃப்ளாப்ஸும் (ஒரு டெராஃப்ளாப்ஸ் என்பது நொடிக்கு லட்சம் கோடி கணக்குகள்) புதியதற்கு 15.1 டெராஃப்ளாப்ஸும் வருகின்றன. அதாவது, கணக்குப் போடும் திறனில் மட்டும் 4060 ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு முன்னே நிற்கிறது.

மெமரிக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. 3060-இன் மெமரி பஸ், அதாவது சிப்புக்கும் மெமரிக்கும் இடையிலான தரவுப் பாதை, 192 பிட் அகலம் கொண்டது; ஒவ்வொரு பின்னும் நொடிக்கு 15 ஜிகாபிட் கடத்துவதால் மொத்தம் நொடிக்கு 360 ஜிபி பேண்ட்வித் (தரவு கடத்தும் வேகம்) கிடைக்கிறது. 4060-இல் பஸ் 128 பிட்டாகக் குறுகிவிட்டது. வேகம் 17 ஜிகாபிட்டாக உயர்ந்தும் மொத்தம் 272 ஜிபிதான் வருகிறது. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் என்ற சிறிய அதிவேக மெமரியை என்விடியா 3 எம்பியிலிருந்து 24 எம்பியாகப் பெருக்கியது. அடிக்கடி தேவைப்படும் தரவு அந்த 24 எம்பிக்குள் அடங்கினால், வெளியிலுள்ள மெமரியைத் தொட வேண்டிய தேவை குறைந்துவிடும். அதைக் கணக்கில் சேர்த்துத்தான் என்விடியா 4060-க்கு 453 ஜிபி என்ற 'பயன்தரு பேண்ட்வித்' எண்ணை வெளியிட்டது. விளையாட்டுகளைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லா வேலைகளுக்கும் அது பொருந்தாது. பொருந்தாத வேலை ஒன்றைப் பின்னால் காட்டுகிறேன்.

மூன்றாவது வேறுபாடு, பெட்டியின் மேல் பெரும்பாலும் அச்சிடப்படாத ஒன்று. 3060, கார்டை மதர்போர்டோடு சேர்க்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 இணைப்பில் 16 லேன்களை, அதாவது தரவுத் தடங்களை, பயன்படுத்துகிறது. 4060 பயன்படுத்துவது 8 லேன்கள் மட்டுமே. கார்டின் அடியில் இருக்கும் தங்கப்பூச்சுப் பட்டை இரண்டிலும் ஒரே நீளம்தான் என்பதால் வெளியே பார்த்தால் வேறுபாடு தெரியாது. தம்பியின் கார்டைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தபோது, பட்டைக்கு மேலே வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும் பொடிப்பொடியான கெபாசிட்டர்கள் முன்பாதியில் மட்டும் இருந்தன. பின்பாதி வெறுமையாக இருந்தது. 3060-இல் அந்த வரிசை கடைசி வரை நீண்டிருந்தது.

புதிய போர்டில் இது பெரிய குறையில்லை. 4.0 இணைப்பில் 8 லேன் என்றாலும் ஒரு திசையில் நொடிக்கு 15.75 ஜிபி வரை தரவு போகும். என் போர்டு பி450, செயலிக்கு 4.0 திறன் இருந்தாலும் இந்தப் போர்டில் இணைப்பு 3.0-ஆகவே இயங்கும். ஆகவே 3060-க்கு 16 லேன்களில் அதே 15.75 ஜிபி கிடைக்கும்போது, 4060-க்குச் சரிபாதியாக 7.88 ஜிபிதான் கிடைக்கிறது. கார்டின் மெமரி நிரம்பி, மிச்சத் தரவு கணினியின் ரேமுக்குத் தள்ளப்படும்போது, போக்குவரத்து முழுவதும் இந்தப் பாதையில்தான் நடந்தாக வேண்டும். மெமரி குறைவாக உள்ள கார்டுக்கே பாதையும் குறுகலாக அமைந்திருப்பதுதான் இந்த ஒப்பீட்டின் மையமான செய்தி.

3060 பழைய பொருள் என்பதால், வாங்கும்போதே சிலவற்றைச் சரிபார்த்தேன். 2022 இறுதியில் அதே 3060 என்ற பெயரில் 8 ஜிபி வகை ஒன்றும் வெளிவந்தது. அதன் பஸ் 128 பிட், பேண்ட்வித் 240 ஜிபி. கோர் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் அது முற்றிலும் வேறு தரத்துப் பொருள். எனவே கடையிலேயே கணினியில் மாட்டச் சொல்லி, ஜிபியு-இசட் மென்பொருளில் மெமரி அளவு 12,288 எம்பி என்றும் பஸ் அகலம் 192 பிட் என்றும் காட்டுவதைப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டா என்பதை உறுதியாகக் கண்டறிய வழியில்லை. எத்தீரியம் 2022 செப்டம்பரில் மைனிங் தேவைப்படாத முறைக்கு மாறியதும் அத்தகைய கார்டுகள் பெருமளவில் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. மைனிங் செய்த கார்டு என்பதற்காகவே ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் கருதவில்லை. சீரான சுமையில் தொடர்ந்து ஓடிய சிப்பைவிட, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும் தேய்ந்த விசிறியும்தான் கவலைக்குரியவை. விசிறியைக் கையால் மெல்லச் சுற்றிவிட்டுக் கவனித்தால் தேய்ந்த பேரிங் கரகரவென்று சொல்லிவிடும்.

வீட்டுக்கு வந்து முழுச் சுமையில் ஓட்டியபோது சிப்பின் வெப்பநிலை 78 டிகிரியைத் தொட்டது. அதைவிட முக்கியமாக, ஹாட்ஸ்பாட் எனப்படும் சிப்பின் மிகச் சூடான புள்ளி நூற்றை நெருங்கியது. இந்த இரண்டுக்கும் இடையில் பத்துப் பதினைந்து டிகிரி வேறுபாடு இருப்பது இயல்பு. இருபதைத் தாண்டினால், சிப்புக்கும், சூட்டை வெளியேற்றும் உலோகத் தொகுதியான ஹீட்சிங்க்குக்கும் நடுவிலுள்ள பேஸ்ட் சரியாகப் பரவியில்லை அல்லது காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். உத்தரவாதம் எதுவும் இல்லாத கார்டு என்பதால் பிரிப்பதில் தயக்கம் இருக்கவில்லை.

பின்தகட்டுத் திருகுகளைக் கழற்றிய பிறகு, சிப்பைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த நான்கு திருகுகள் இருக்கும். அவற்றை ஒரே மூச்சில் கழற்றாமல், எதிரெதிர் மூலைகளில் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விடுபட்டால் சிப்பின் ஓரத்தில் அழுத்தம் ஏறி அது உடைய வாய்ப்புண்டு. ஹீட்சிங்க்கை உடனே இழுத்துவிடக் கூடாது. விசிறி ஒயர் இன்னும் போர்டில் செருகியிருக்கும். லேசாகத் தூக்கி, அந்தச் சிறிய கனெக்டரைப் பிடித்து விடுவித்த பிறகே முழுதாகப் பிரிக்க வேண்டும். உள்ளே பேஸ்ட் சாம்பல் நிறத்தில் காய்ந்து, நடுவில் மெலிந்தும் ஓரத்தில் பொருக்காகவும் இருந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்ததும் சிப் கண்ணாடிபோல் தெளிந்தது.

அந்த நிலையில் கார்டைப் பார்ப்பது விவரக்குறிப்பைப் புரிந்துகொள்ள மிகவும் உதவும். சிப்பைச் சுற்றி ஆறு மெமரி சில்லுகள் அமர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் 2 ஜிபி கொள்ளளவு; ஒவ்வொன்றுக்கும் 32 பிட் பாதை. ஆறு முப்பத்திரண்டு 192. ஆறு இரண்டு 12. தாராள மனத்தோடு கொடுக்கப்பட்டதல்ல இந்த 12 ஜிபி. 192 பிட் பஸ்ஸில் அன்றைய சில்லுகளைக் கொண்டு 6 அல்லது 12 என்ற இரண்டு தேர்வுகள்தான் இருந்தன, 6 போதாது என்பதால் 12 வந்தது. அதே கணக்கில் 4060-இன் 128 பிட்டுக்கு நான்கு சில்லுகள், 8 ஜிபி. அதற்கு மேலே போக வேண்டுமானால் பாதை ஒவ்வொன்றிலும் இரண்டு சில்லுகளை இணைத்து 16 ஜிபி ஆக்க வேண்டும். 4060 டிஐயின் 16 ஜிபி வகையில் அப்படித்தான் செய்தார்கள். நடுவில் 12 என்ற எண்ணுக்கு இடமே இல்லை.

மெமரி சில்லுகளின் மேலிருந்த தெர்மல் பேடுகளில் இரண்டு கிழிந்திருந்தன. 3060-இல் உள்ள ஜிடிடிஆர்6 மெமரியின் வெப்பநிலையை வழக்கமான மென்பொருள்கள் காட்டுவதில்லை என்பதால், பேடு சரியில்லாவிட்டால் அதை எண்ணாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே எல்லாப் பேடுகளையும் மாற்றினேன். தடிமன் கார்டுக்குக் கார்டு வேறுபடும். தடிமன் கூடினால் சிப் ஹீட்சிங்க்கைச் சரியாகத் தொடாது, குறைந்தால் மெமரி தொடாது. பழைய பேடின் நசுங்காத ஓரத்தை வெர்னியரில் அளந்து அதே தடிமனில் வாங்குவதுதான் பாதுகாப்பான வழி. மூடிய பிறகு ஹாட்ஸ்பாட் வேறுபாடு பன்னிரண்டு டிகிரிக்குள் வந்தது. விசிறிச் சத்தமும் குறைந்தது. சென்னையின் மே மாத மதியத்தில் குளிரூட்டாத அறையில் ரெண்டர் (இறுதி வீடியோவை உருவாக்கும் வேலை) போடுபவருக்கு இந்த வேலை மிகவும் அவசியம்.

இனிச் சோதனை. இரண்டு கார்டுகளையும் ஒரே ஸ்லாட்டில், ஒரே டிரைவர் பதிப்பில், கேபினட்டை மூடிய நிலையில் ஓட்டினேன். ஒவ்வொரு வேலையையும் கார்டு நன்றாகச் சூடேறிய பிறகு மறுபடி மறுபடி ஓட்டி, நடுவில் வரும் அளவை எடுத்துக்கொண்டேன். இரண்டும் என்விடியா கார்டுகள் என்றாலும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் பழைய டிரைவரை டிடியு என்ற நீக்கும் மென்பொருள் கொண்டு முழுவதும் நீக்கினேன். மாட்டியதும் ஜிபியு-இசட்டில் இணைப்பு வேகத்தைப் பார்க்க வேண்டும். கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரத்தைச் சேமிக்க இணைப்பு 1.1-க்கு இறங்கிவிடும், அதைப் பார்த்துப் பலர் போர்டில் கோளாறு என்று பயந்துவிடுகிறார்கள். பக்கத்திலுள்ள கேள்விக்குறிப் பொத்தானை அழுத்தி, அது தரும் சிறிய ரெண்டர் சோதனையை ஓட்டினால் உண்மையான எண் தெரியும். எனக்கு 3060-இல் 16 லேன் 3.0 என்றும் 4060-இல் 8 லேன் 3.0 என்றும் வந்தன. பயாஸைப் புதுப்பித்து, சிஎஸ்எம் என்ற பழைய தொடக்க முறையை அணைத்து, கார்டின் மெமரி முழுவதையும் செயலி ஒரே சமயத்தில் அணுக உதவும் ரீசைசபிள் பார் வசதியையும் இரண்டுக்கும் இயக்கினேன்.

விளையாட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1080பி அளவில், மெமரி 8 ஜிபிக்குள் அடங்கும் அமைப்புகளில், 4060 பெரும்பாலும் ஆறில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் ஃப்ரேம்களைத் தந்தது. இது மேலே போட்ட டெராஃப்ளாப்ஸ் கணக்கோடு பொருந்துகிறது. ரைசன் 5 3600-ஐ முழுவதும் உறிஞ்சும் விளையாட்டுகளில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியவில்லை. அங்கே தடை செயலியில் இருக்கிறது, எந்தக் கார்டை மாட்டினாலும் அதுதான் முடிவு.

ஃப்ரேம் ஜெனரேஷனைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3 தொழில்நுட்பத்தின் இந்த வசதி 4060-இல் உண்டு, 3060-இல் கிடையாது. உண்மையாக வரையப்பட்ட இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே ஒன்றை ஊகித்து உருவாக்கிச் செருகுவதால் திரையில் ஓட்டம் மென்மையாகத் தெரிகிறது. 4060-ஐ அறிமுகப்படுத்தியபோது என்விடியா காட்டிய 1.7 மடங்கு வேகம் இந்த வசதியைச் சேர்த்துக் கணக்கிடப்பட்டது; அது இல்லாமல் அவர்களே சொன்னது 1.2 மடங்கு. அடிப்படை ஃப்ரேம் வேகம் அறுபதுக்கு அருகில் இருந்தால் இந்த வசதி அழகாக வேலை செய்கிறது. முப்பதிலிருந்து அறுபதாக்க முயன்றால், பார்ப்பதற்கு அறுபதாக இருந்தாலும் மவுஸை அசைக்கும்போது கைக்கு முப்பதாகவே தெரிகிறது. மேலும், ஊகித்த ஃப்ரேமை உருவாக்கவும் கார்டின் மெமரிதான் செலவாகிறது என்பதால், 8 ஜிபி ஏற்கெனவே நிறைந்திருக்கும் இடத்தில் இதை இயக்கினால் நிலைமை மோசமாகிறது.

முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்கும் பிளெண்டர் மென்பொருளில் 4060-இன் வெற்றி தெளிவானது. மெமரிக்குள் அடங்கும் காட்சிகளை அதன் சைக்கிள்ஸ் ரெண்டர் பகுதியில் என்விடியாவின் ஆப்டிக்ஸ் வழியாக ரெண்டர் செய்தபோது, அது 3060-ஐவிட மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலான வேகம் காட்டியது. ஒளிக்கதிர்களைப் பின்தொடரும் ஆர்டி கோர்கள் ஒரு தலைமுறை முன்னேறியிருப்பதும், பெரிய எல்2 கேஷும் இங்கே சேர்ந்து பலன் தருகின்றன. இதையும் 115 வாட்டுக்குள் செய்வதைப் பார்க்கும்போது பொறியியலாக அது ஒரு நல்ல சிப் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பிறகு அதே பிளெண்டரில், அடர்ந்த மரங்களும் 4கே டெக்ஸ்சர்களும் நிறைந்த மண்டப முகப்புக் காட்சி ஒன்றைத் திறந்தேன். அது கேட்கும் மெமரி சுமார் 10 ஜிபி. 3060-இல் எந்தச் சிக்கலும் இன்றி ரெண்டர் முடிந்தது. 4060-இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினேன். அதில் 'டெடிகேட்டட்' (கார்டின் சொந்த) மெமரி வரைபடம் உச்சிக்கு ஏறித் தட்டையாக நின்றது. அதற்குக் கீழே, வழக்கமாகத் தரையோடு தரையாகக் கிடக்கும் 'ஷேர்டு' (ரேமிலிருந்து எடுத்துக்கொள்ளும்) மெமரி வரைபடம் எழத் தொடங்கியது. அந்த நொடியிலிருந்து கார்டின் மின்நுகர்வு 110 வாட்டிலிருந்து அறுபதுகளுக்குச் சரிந்தது. சிப் வேலை இல்லாமல் இருக்கவில்லை; தனக்கு வேண்டிய தரவு 7.88 ஜிபி பாதை வழியாக ரேமிலிருந்து வந்து சேரும் வரை காத்திருந்தது. மூன்றில் ஒரு பங்கு முந்தியிருந்த கார்டு, இந்தக் காட்சியில் 3060-ஐவிட இரு மடங்குக்கும் மேலான நேரம் எடுத்துக்கொண்டது.

இது இந்தப் போர்டின் விளைவா, கார்டின் விளைவா என்பதை உறுதிசெய்ய, தம்பியின் கணினியில் அதே காட்சியை அதே 4060-இல் ஓட்டினோம். அவனுடையது பி550 போர்டும் ரைசன் 5 5600 செயலியும் கொண்டது, இணைப்பு 4.0-ஆக அமைகிறது. அங்கும் 3060-ஐவிடப் பின்தங்கியது, ஆனால் அந்த அளவுக்கு மோசமாக இல்லை. காத்திருக்கும் நேரம் கண்கூடாகக் குறைந்தது. மெமரி 8 ஜிபிக்குள் நிற்கும் காட்சிகளில் இரண்டு போர்டுகளுக்கும் இடையிலான வேறுபாடு சில சதவீதமே. எனவே, பழைய போர்டில் 4060 மெதுவாகிவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியல்ல. மெமரி எல்லையைத் தாண்டும் வரை அது மெதுவாவதில்லை. தாண்டினால் புதிய போர்டைவிடப் பழைய போர்டில் இரட்டிப்பாகத் தண்டனை கிடைக்கிறது.

என் சொந்த வேலைக்கான வீடியோ தொகுப்பு மென்பொருளான டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோவில் இந்த எல்லை அடிக்கடி குறுக்கிடுகிறது. முகூர்த்த மண்டபத்தின் மங்கலான ஒளியில் எடுத்த 4கே காட்சிகளுக்கு டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் போடாமல் தீராது. ஒரு ஃப்ரேமைச் சுத்தம் செய்ய முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களையும் சேர்த்து மெமரியில் வைத்திருக்க வேண்டியிருப்பதால், அது மெமரியைத் தாராளமாக விழுங்கும். அதோடு நிறத்திருத்தத்துக்கான நோடுகள் (திருத்தப் படிகள்) சிலவும் அதன் ஃப்யூஷன் பகுதியில் செய்த பெயர்ப்பலகையும் சேர்ந்தால், 4060-இல் ஜிபியு மெமரி நிறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை வந்து ரெண்டர் பாதியில் நின்றது. 3060-இல் அதே டைம்லைன் 9 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொண்டு இறுதிவரை ஓடியது. சாதாரணமான, மெமரி நிறையாத டைம்லைன்களில் 4060 சற்று விரைவாகவே முடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இரவு ரெண்டர் போட்டுவிட்டுப் படுப்பவனுக்கு, பத்து நிமிடம் முன்னதாக முடிவதைவிடக் காலையில் முழுக் கோப்பும் தயாராக இருப்பதே பெரிது.

வீடியோ சார்ந்த இன்னும் இரண்டு விவரங்கள். 4060-இல் உள்ள எட்டாம் தலைமுறை என்வென்க் (வீடியோவைச் சுருக்கி எழுதும் பகுதி) ஏவி1 என்ற வீடியோ வடிவில் எழுதவும் செய்யும். 3060 ஏவி1-ஐப் படிக்க மட்டுமே செய்யும். நேரலை செய்பவர்களுக்கும் குறைந்த அளவில் நல்ல தரத்தோடு கோப்பைச் சேமிக்க விரும்புபவர்களுக்கும் இது உண்மையான ஆதாயம். வாடிக்கையாளர் தொலைக்காட்சியில் பென்டிரைவைச் செருகிப் பார்க்கும் என் தொழிலில் எச்.264-தான் இன்றும் பாதுகாப்பானது என்பதால் எனக்கு அது பெரிதாகப் பயன்படவில்லை. இரண்டாவது, இப்போது பல கேமராக்கள் தரும், கூடுதல் நிறத்தகவல் கொண்ட 10 பிட் 4:2:2 எச்.265 கோப்புகள். இவற்றை வன்பொருள் வழியாகப் பிரித்துப் படிக்கும் வசதி இந்த இரண்டு கார்டுகளிலும் இல்லை; என்விடியா அதை ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்த்தது. அத்தகைய கோப்பு டைம்லைனில் தடுமாறினால் கார்டை மாற்றிப் பயனில்லை. புதிய இன்டெல் செயலிகளின் உள்ளமைந்த கிராபிக்ஸ் இதைச் செய்துவிடும். என்னைப் போல ரைசன் 3600 வைத்திருப்பவர்கள் முதலில் பிராக்ஸி கோப்புகளை (தொகுப்பதற்கான இலகுவான நகல்களை) உருவாக்கிக்கொள்வதே வழி. கார்டு வாங்கியும் வீடியோ திக்குகிறது என்று குறைப்படும் தொகுப்பாளர்கள் இதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இறுதியாக, செயற்கை நுண்ணறிவு மாடல்கள். பேச்சை எழுத்தாக்க ஓப்பன்ஏஐயின் விஸ்பர் மாடலைப் பயன்படுத்துகிறேன். அதன் பெரிய வகைக்குச் சுமார் 10 ஜிபி மெமரி தேவை என்று அதை வெளியிட்டவர்களே குறிப்பிடுகிறார்கள். தமிழுக்குச் சிறிய வகைகள் போதுமான தரத்தைத் தருவதில்லை என்பது என் அனுபவம். 3060-இல் அது அப்படியே ஓடுகிறது. 4060-இல் மாடலின் எடைகளை (அதில் சேமித்துள்ள எண்களை) 8 பிட்டாகச் சுருக்கும் ஃபாஸ்டர் விஸ்பர் வழியாக ஓட்டலாம். அது ஒரு நல்ல மாற்றுவழிதான்.

உரை உருவாக்கும் மாடல்களில்தான் நான் எதிர்பார்க்காத முடிவு கிடைத்தது. 700 கோடி அளவுருக்கள் கொண்ட லாமா 2 மாடலின் 4 பிட்டாகச் சுருக்கிய வடிவம் சுமார் 4 ஜிபி. இரண்டு கார்டுகளிலும் எளிதாக அடங்கும். அடங்கியும், அதில் பழைய 3060-தான் கால் பங்கு அளவுக்கு வேகமாகச் சொற்களைத் தந்தது. காரணம் இதுதான்: ஒவ்வொரு டோக்கனை (சொல் அல்லது சொல்லின் துண்டை) உருவாக்கவும் அந்த 4 ஜிபி முழுவதையும் மெமரியிலிருந்து ஒருமுறை படிக்க வேண்டும். கணக்குப் போடும் நேரம் அற்பம். படிக்கும் நேரமே முழு நேரம். 4 ஜிபியை வரிசையாகப் படித்துச் செல்லும்போது 24 எம்பி கேஷில் எதுவும் தங்குவதில்லை, திரும்பப் பயன்படுவதுமில்லை. ஆகவே 453 என்ற எண் இங்கே காணாமல் போய், 360-உம் 272-உம் நேருக்கு நேர் நிற்கின்றன. 1,300 கோடி அளவுருக்கள் கொண்ட மாடலின் 4 பிட் கோப்பே 8 ஜிபியை ஒட்டி வருவதால், அது 4060-இல் முழுதாக ஏறுவதில்லை. டிரைவர் அதை நிறுத்தாமல் ரேமுக்குத் தள்ளிவிட்டு ஆமை வேகத்தில் ஓட்டும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் கூடாவுக்கான சிஸ்டம் மெமரி ஃபால்பேக் என்ற அமைப்பை அணைத்தால், இழுத்தடிக்காமல் மெமரி போதவில்லை என்று நேரடியாகச் சொல்லிவிடும். அணைத்து வைப்பதையே விரும்புகிறேன். எங்கே எல்லை என்பது அப்போதுதான் தெரிகிறது.

மின்சாரத்தில் 4060-க்கு இணை இல்லை. முழுச் சுமையில் 55 வாட் குறைவு. தினமும் ஐந்து மணி நேரம் முழுச் சுமை என்று வைத்தால், நம் இரண்டு மாத மின்கட்டணக் கணக்கில் 16 யூனிட் அளவுக்கு வேறுபாடு வரும். 3060-ஐ வைத்திருப்பவர் இதில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளலாம். என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை வழியாகப் பவர் லிமிட்டை 170-லிருந்து 130 வாட்டாகக் குறைத்தேன். ரெண்டர் நேரம் சில சதவீதமே கூடியது, வெப்பமும் சத்தமும் நன்றாகக் குறைந்தன. கணினியை மறுபடி இயக்கினால் இந்த எல்லை பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், டாஸ்க் ஷெட்யூலரில் கணினி தொடங்கும்போதே அந்தக் கட்டளை ஓடும்படி செய்துவிட்டேன்.

ஆகவே 3060 என் பி450 கணினியில் நிலைத்துவிட்டது. 4060 தம்பியின் பி550 கணினிக்குத் திரும்பியது. அவன் 1080பி திரையில் விளையாடுபவன், சிறிய கேபினட், 450 வாட் பவர் சப்ளை, எல்லாவற்றுக்கும் அது பொருந்துகிறது. 3060-க்கும் 4060-க்கும் என்விடியா பரிந்துரைக்கும் பவர் சப்ளை 550 வாட் என்றாலும், 115 வாட் கார்டையும் 65 வாட் செயலியையும் நல்ல தரமான 450 வாட் யூனிட் தடுமாறாமல் தாங்குவதைச் சுவரில் செருகிய மின் அளவியில் பார்த்துவிட்டுத்தான் மாட்டினோம். முழுச் சுமையிலும் அளவி 250 வாட்டைத் தாண்டவில்லை.

இப்போது புதிதாக வாங்க நினைப்பவர்கள் 2025 மே மாதத்தில் வந்த ஆர்டிஎக்ஸ் 5060-ஐயும் பார்ப்பார்கள். அதில் ஜிடிடிஆர்7 மெமரியால் பேண்ட்வித் 448 ஜிபியாக உயர்ந்திருக்கிறது, 4:2:2 வசதியும் உண்டு. மெமரி அளவு அதே 8 ஜிபி, இணைப்பு 5.0 தரத்தில் இருந்தாலும் லேன்கள் எட்டேதான், அதாவது 3.0 போர்டில் மாட்டினால் அதே 7.88 ஜிபி பாதை. கடைக்குப் போகும் முன் ஜிபியு-இசட்டைத் திறந்து உங்கள் போர்டு எந்தத் தலைமுறை இணைப்பைத் தருகிறது என்பதையும், டாஸ்க் மேனேஜரைத் திறந்து உங்கள் வழக்கமான வேலையில் ஷேர்டு மெமரி வரைபடம் தரையிலேயே கிடக்கிறதா, மேலே எழுகிறதா என்பதையும் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள்.